ஒரு பை தவிடும் ஒரு பேரனும்

1

உங்களுக்கெல்லாம் ஏன் இந்த ஊர் விடுப்பு, அடுத்த வீட்டுக் கதை என்று முதலில் கேட்கிறேன். அடுப்பில் சோறு அடிப்பிடிக்கிறது, வாசலில் ஆடு செம்பருத்தியைத் தின்கிறது, அதையெல்லாம் பார்க்க உங்களுக்கு நேரமில்லை. ஒக்லாந்தில் மகேஸ்வரியின் மடியில் இருக்கிற பிள்ளை யாருடையது என்பது மட்டும் இன்றைக்கே தெரிந்தாகவேண்டும்.

பேரனுக்கு ஒரு வயது முடிந்த அன்று மகள் சுபா ஒரு படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டாள். நான் கதிரையில் இருக்கிறேன். அவன் என் மூக்குத்தியைப் பிடித்து இழுக்கிறான். கேக் நிலத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. கேக்கைக் கொண்டுவந்தவள் படத்துக்கு வெளியே நின்று சிரிக்கிறாள். அவளை நீங்கள் காணவில்லை. கண்டதெல்லாம் பிள்ளையின் நிறத்தையும் முடியையும்தான்.

கொக்குவிலில் இருந்து மச்சாள்தான் முதலில் போன் எடுத்தாள்.

"மகேஸ், பிள்ளைக்கு ஏதும் சுகமில்லையோ?"

"நல்ல சுகம். ஏன் கேக்கிறாய்?"

"இல்லை, தலைமுடி..."

"தலைமுடி அவனுக்குப் பிறந்த நேரமே அப்பிடி. உன்ர மனுசனுக்குத்தான் அது இல்லை."

"கோவிக்காதை. நிறமும் கொஞ்சம்... மருமகன்ர பக்கமோ?"

"ரவிக்கு இவ்வளவு வடிவு எங்கால வாறது?"

அவள் போனை வைத்துவிட்டு மற்ற எல்லாருக்கும் எடுத்திருக்கிறாள். அதிலிருந்து வரிசையாக வருகிறீர்கள். ஒருத்திகூட நேரே கேட்கவில்லை. மழை எப்படி, முழங்கால் எப்படி என்று தொடங்கி, தேங்காய்ப் பூ துருவுவதுபோலச் சுற்றிச் சுற்றி வந்து நிறத்தில் நிற்கிறீர்கள். நாங்கள் என்னவோ பாலில் விழுந்து எழும்பின சனம். கல்யாணப் பேச்சில் 'பொது நிறம்' என்று சொல்கிறோமே, அப்படி ஒரு நிறத்தை நான் இந்த நாட்டுப் பெயின்ற் கடையில் தேடியே பார்த்தேன். இல்லை.

முடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நானும் தெரியாமல் காய்ந்த தலையில் சீப்பைப் போட்டு இழுத்தவள்தான். பிள்ளை கத்தின கத்தில் சுபா அவனைத் தூக்கிக்கொண்டு, என்னையும் ஏற்றிக்கொண்டு, நியூ லின்னில் தலை பின்னுகிற கடை வைத்திருக்கும் கானா நாட்டுக்காரியிடம் போனாள். அவள் என் கையில் இருந்த சீப்பைப் பறித்துக் குப்பைக்குள் போட்டாள். ஈரத்தில்தான் சீவவேண்டும், நுனியில் இருந்து மேலே போகவேண்டும், இன்னொரு தடவை இப்படிச் செய்தால் என் முடியைப் பிடித்து இழுத்துக் காட்டுவாளாம். எனக்கு அவளை நன்றாகப் பிடித்துக்கொண்டது. என்னை ஏச ஆள் இல்லாமல் இந்த நாட்டில் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தேன்.

சரி, சொல்கிறேன். ஒரு தரம்தான் சொல்வேன். கேட்டுவிட்டு உங்கள் ருசிக்கு உப்புப் புளி சேர்க்காமல் மற்றவர்களுக்குக் கொடுங்கள்.

2

சுபாவுக்குப் பிள்ளை தங்கவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதமாட்டேன். ஆஸ்பத்திரியால் வந்து சின்ன அறையின் கதவைச் சாத்திவிட்டு அடுத்த நாளே வேலைக்குப் போனவள் அவள். அந்த அறைக்குள் மருமகன் ரவி முதலில் இஸ்திரிப் பலகையை வைத்தான். பிறகு ஓடாத சைக்கிளை வைத்தான். மவுண்ட் ஆல்பர்ட்டில் மகன் வீட்டில் இருந்த என்னைக் கூட்டிவந்து கடைசியாக என்னையும் அதற்குள் வைத்தான். இவர்கள் இருப்பது மாசியில். மாதம் இல்லை, அப்படி ஓர் ஊர்.

நான் மகன் வீட்டில் இருந்தபோதே ஒருநாள் இரண்டு பேரும் என் முன்னால் வந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல நின்றார்கள். ஒரு பிள்ளையை எடுத்து வளர்க்கப் பதிந்திருக்கிறார்களாம்.

"நல்லது. எப்ப கொண்டு வாறியள்?" என்றேன்.

"அம்மா, அது அப்பிடி இல்லை. புரோசஸ் இருக்கு," என்றாள் சுபா.

எங்களுக்குத் தெரிந்த புரோசஸ் வேறு. சின்னம்மாவுக்குப் பிள்ளை இல்லை என்று பெரியம்மா தன் நாலாவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய் அவளுடைய விறாந்தையில் இருத்திவிட்டு வந்தா. பிள்ளை அழுதது. ஒரு பனங்காய்ப் பணியாரம் கொடுத்ததும் நிறுத்தியது. அதோடு சட்ட வேலை முடிந்தது.

இங்கே பொலிஸ் பார்த்தது, டொக்டர் பார்த்தார், வேலி உயரத்தைப் பார்த்தார்கள், குழாயில் வருகிற சுடுதண்ணீர் எவ்வளவு சூடு என்று கை விட்டுப் பார்த்தார்கள். இரண்டு பேரும் தாய் தகப்பன் ஆவது எப்படி என்று வகுப்புக்குப் போனார்கள். நான் ஒரு வகுப்புக்கும் போகாமல் பெற்றவள் என்று ரவியிடம் சொன்னேன். "அது தெரியுது மாமி," என்றான். அவன் அதிகம் கதைக்கமாட்டான். கதைத்தால் இப்படித்தான்.

இதில் பெரிய விசித்திரம் என்னவென்றால், பிள்ளையை நாங்கள் தேடிப் போகமுடியாது. பிள்ளையின் தாய்தான் எங்களைத் தெரிவு செய்யவேண்டும். பெண் பார்க்கிற மாதிரித்தான், ஆனால் இங்கே வீட்டோடு எல்லாரும் பெண். ஒரு படப் புத்தகம் செய்து கொடுக்கவேண்டும். சுபாவும் ரவியும் கடற்கரையில், சுபாவும் ரவியும் மலையில், சுபாவும் ரவியும் சைக்கிளோடு. அந்தச் சைக்கிள் ஓடாது என்பது புத்தகத்தில் இல்லை. என் படங்களை எல்லாம் சுபா கவனமாக எடுத்துவிட்டாள். ஒரு படத்தில் மட்டும், அவர்கள் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க, பின்னால் நான் சேலையோடும் கம்பூட்ஸ் என்கிற ரப்பர்ச் சப்பாத்தோடும் குனிந்து கீரை பிடுங்கிக்கொண்டிருந்தேன். பின்பக்கம்தானே தெரிகிறது என்று விட்டுவிட்டார்கள்.

3

கன நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, பிள்ளைகளைப் பார்க்கிற அலுவலகத்தில் இருந்து ஹெலன் என்கிற அதிகாரி போன் எடுத்தாள். நியூ லின்னில் தாயோடு இருக்கிற கேட்டி என்ற வெள்ளைப் பிள்ளை வயிற்றோடு இருக்கிறாள், படித்துக்கொண்டிருக்கிறாள், இப்போது வளர்க்க இயலாது என்று முடிவெடுத்திருக்கிறாள், புத்தகங்களைப் பார்த்து இவர்களைத் தெரிவு செய்திருக்கிறாள். பிள்ளையின் தகப்பன் அமெரிக்காவில் இருந்து ஒரு சீசன் கூடைப்பந்து விளையாட வந்த கறுப்புப் பெடியன். சீசன் முடியத் திரும்பிவிட்டான். போனில் ஹெலனோடு கதைத்துச் சம்மதம் சொன்னானாம், சொல்லிவிட்டு அழுதானாம். அவனுடைய முகம் போனுக்குள் முழுதாகக் கொள்ளவில்லையாம், அவ்வளவு பெரிய உருவம். எனக்கு எங்கள் வீட்டுக் கதவு நிலைகளை நினைத்துத்தான் கவலை வந்தது.

பிள்ளை இரண்டு இனமாக இருப்பான், அதில் ஒன்றும் உங்கள் இனம் இல்லை, என்ன செய்வீர்கள் என்று ஹெலன் கேட்டாளாம். ரவி அதற்குப் பாடமாக்கி வைத்திருந்த பதிலை மூச்சு விடாமல் சொன்னானாம். கல்யாண வீட்டில்கூட அவன் அவ்வளவு கதைத்ததில்லை.

எல்லாம் சரி. ஆனால் பதிந்தபோது அந்த வீட்டில் நான் இல்லை, இப்போது இருக்கிறேன். புதிதாக ஓர் ஆள் வீட்டில் சேர்ந்தால் அந்த ஆளையும் விசாரிக்கவேண்டும் என்று சட்டம். சுபா என்னை இருத்தி வைத்துச் சொன்னாள்.

"அம்மா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. பகிடி விடாதையுங்கோ."

"நான் எப்ப பகிடி விட்டனான்?"

"பிளீஸ், அம்மா."

4

ஹெலன் நல்ல மனுசி. சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்தாள். என்னை "மகேஸ்வரி" என்று முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். என் மனுசன் சாகும்வரை என்னை "இஞ்சாரும்" என்றுதான் கூப்பிட்டவர். அதனால் யாரைக் கூப்பிடுகிறாள் என்று நான் ஒருக்காத் திரும்பிப் பார்த்தேன்.

வீட்டு ஆட்கள் மொழிபெயர்க்கக்கூடாதாம். மேசையில் போனை வைத்தாள். அதற்குள் ஒரு தமிழ்நாட்டுப் பெடியனின் குரல். "வணக்கம்மா. அவங்க சொல்றத நான் உங்ககிட்ட சொல்லுவேன், நீங்க சொல்றத அப்படியே அவங்ககிட்ட சொல்லுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்." நல்ல பெடியன். அவன் கூட்டிக் குறைக்கிறவனாக இருந்திருந்தால் எங்களுக்கு இந்தப் பாடு வந்திராது.

பிள்ளை எங்கே படுக்கும் என்று கேட்டாள். என்னோடு என்றேன். பிள்ளைக்கு அடிப்பீர்களா என்று கேட்டாள். எட்டிப் பிடிக்க முழங்கால் விடாது என்றேன். ஹெலன் சிரித்தாள். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. என்னைப் பார்த்து ஒருவர் சிரித்தால் பிறகு எனக்கு வாயில் நிற்காது, உங்களுக்குத் தெரியும்.

"அம்மா, குழந்தைய வெளியிலிருந்து எடுத்து வளக்கிறோம்ங்கிறத அவன்கிட்ட எப்போ, எப்படிச் சொல்லுவீங்கன்னு கேக்கறாங்க," என்றது போன்.

"அதில என்ன ஒளிப்பு மறைப்பு? பேச்சு விளங்கின நாள் தொடக்கம் சொல்லுவன். எங்கட வீட்டில எல்லாப் பிள்ளையளுக்கும் அதைச் சொல்லித்தானே வளர்த்தனாங்கள், உன்னைத் தவிட்டுக்கு வாங்கினது எண்டு."

போனுக்குள் தம்பி இரண்டு தரம் செருமினான்.

"அம்மா... இத அப்படியே சொல்லவா?"

"சொல்லு தம்பி. ஏன் விக்கிறாய்?"

அவன் சொன்னான். ஹெலனுடைய பேனை அப்படியே நின்றது. ஆனால் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்தது. இந்த நாட்டுச் சனம் பயந்தாலும் சிரிக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"யாரை வாங்கினீங்கன்னு கேக்கறாங்க."

"சுபாவை."

"எங்க வாங்கினீங்களாம்?"

"கொடிகாமம் சந்தையில. மழை நாள், சனம் இல்லை, மலிவாப் போச்சுது."

"வேற யாரையாவது...?"

"மூத்தவனையும்தான். அவனுக்கு அரை மூட்டை போனது. சின்னனில கொழுத்த பிள்ளை."

குசினிக்குள் ஏதோ உடைந்தது. சுபா ஈரக் கையோடு ஓடிவந்தாள். அவள் இங்கிலிஷில் சொல்லிக்கொண்டே போக, ஹெலன் தலையை ஆட்டி ஆட்டி "இன்ரறெஸ்ரிங், வெரி இன்ரறெஸ்ரிங்" என்றாள். அதற்குப் பொருள் நன்றாக இருக்கிறது என்பது இல்லை, அலுவல் முடிந்தது என்பது என்று ரவி பிறகுதான் எனக்குச் சொன்னான்.

சுபா பிறந்ததற்குச் சாட்சிப் பத்திரம் இருக்கிறதா என்று ஹெலன் பதமாகக் கேட்டாள். இருக்கிறது. ஆனால் பிறந்தபோது எடுத்தது இடம்பெயர்ந்த நேரத்தில் போய்விட்டது. பிறகு அரசாங்கக் கச்சேரியில் அலைந்து எடுத்த பத்திரத்தில், அவள் நடந்து திரிகிற வயதில்தான் பதிந்ததாக இருக்கும். அதை வாசித்துவிட்டு ஹெலன் என்னைப் பார்த்தாள். நான் கொடிகாமம் சந்தையில் நிற்கிறமாதிரியே பார்த்தாள்.

அவள் போனபிறகு சுபா எனக்கு முன்னால் வந்து நின்றாள். அவளுக்குக் கோபம் வந்தால் இங்கிலிஷ்தான் வரும். ஏழு வயதில் இங்கே வந்த பிள்ளை, அவளுடைய சண்டை எல்லாம் இங்கிலிஷில் படித்தது. அன்றைக்குத் தமிழில் சொன்னாள்.

"அம்மா, இந்தப் பிள்ளையும் எனக்கு இல்லாமல் போச்செண்டால் நான் என்ன செய்வன்?"

தமிழில் சொன்னபடியால்தான் நான் பயந்தேன்.

5

சாட்சி வேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னார்களாம். குடும்பத்துக்கு வெளியே, இந்த வழக்கம் தெரிந்த யாரும் வந்து அது வெறும் வாய்ப்பேச்சு என்று சொன்னால் போதும். எங்கள் தெருவில் அதற்கா பஞ்சம்? ஒரு பக்கத்து வீட்டில் தமிழ்நாட்டு லலிதா, எதிர்வீட்டில் மன்னார்ப் புஷ்பம். இரண்டு பேரையும் நானே போய்க் கூப்பிட்டேன். அதுதான் இரண்டாவது பிழை.

லலிதா பட்டுச்சேலை கட்டி வந்து உட்கார்ந்தாள். இங்கிலிஷ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. போனுக்குள் பெடியன் தேவைப்படவில்லை.

"ஆமா, இது எங்க ஊர்லயும் உண்டு," என்றாள் ஹெலனிடம். "என்னையும் தவிட்டுக்குத்தான் வாங்கினாங்க. எங்க அக்காவ பழைய இரும்பு போட்டு பேரீச்சம்பழக்காரன்கிட்ட வாங்கினது." அதை இங்கிலிஷில் அவள் சொன்ன அழகில் பகிடி முழுக்கக் கழன்று விழுந்துவிட்டது. ஹெலன் எழுதினாள்.

அதற்குள் புஷ்பத்துக்கு ரோசம் வந்துவிட்டது. "நாங்கள் வேதக்காரர், எங்கட பக்கம் தவிடு கிவிடு இல்லை," என்றாள். "என்னை அந்தோனியார் கோயிலில ஏலத்தில எடுத்தது. நேத்திக்கடன். அப்பாதான் எடுத்தவர். வேற ஆரும் கேக்கேல்லையாம்."

இது பகிடி இல்லை, உண்மை. ஏலத்துக்குப் படம்கூட இருக்கிறது என்று போனில் எடுத்துக் காட்டினாள். கோயில் வாசலில் ஒரு மனிதர் மேசையில் ஏறி நின்று ஒரு கைப்பிள்ளையைத் தூக்கிப் பிடிக்கிறார், சனம் சுற்றி நின்று பார்க்கிறது, ஒரு கை மட்டும் உயர்ந்திருக்கிறது. ஹெலன் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தாள். ஒரே தெருவில் சந்தையில் வாங்கினது ஒன்று, பழைய இரும்புக் குடும்பம் ஒன்று, ஏலத்தில் போனது ஒன்று. மாசியில் வீடு மலிவு என்று வந்து குடியேறினது இப்படிப்பட்ட கூட்டமா என்று அவள் நினைத்திருந்தால் அவளில் பிழையில்லை.

ரவி வாசல்வரை போய் அவளை அனுப்பிவிட்டு வந்தான். "மாமி, இன்னும் ஆரும் சாட்சி இருக்கினமோ?" என்றான். இல்லை என்றேன். "நல்லது," என்றான்.

6

அந்த நாட்களில்தான் கேட்டிக்குப் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. போன் வந்தது, ஆனால் போய்ப் பார்க்க வரச்சொல்லி வரவில்லை. பிறந்து பத்து நாளாவது போகாமல் தாயிடம் கையெழுத்து வாங்கக்கூடாது என்று இங்கே சட்டம். பிள்ளைத் தீட்டு, துடக்கு என்று ஊரில் நாங்கள் வைத்ததை இவர்கள் சட்டப் புத்தகத்தில் வைத்திருக்கிறார்கள். அதுவரை பிள்ளை தாயிடம்தான். அவள் மனம் மாறலாம். மாறினால் யாரும் ஒரு சொல் கேட்கமுடியாது, கேட்கவும் கூடாது.

சுபா தொட்டிலைப் பொருத்தவில்லை. பெட்டியோடு சுவரில் சாய்த்து வைத்திருந்தாள்.

பிறகு ஹெலன் போன் எடுத்தாள். குடும்பத்தைப் பற்றி எழும்புகிற எந்தக் கேள்வியையும் பெற்றவளுக்குச் சொல்லவேண்டுமாம். தவிட்டுக் கதையை அவள் கேட்டியிடம் சொல்லியிருக்கிறாள். கேட்ட கேட்டி, கையெழுத்துக்கு முதல் அந்த அம்மாவை நேரில் பார்க்கவேண்டும் என்றாளாம்.

ஹெலனும் கேட்டியும் வந்தபோது நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு கதிரையில் இருந்தேன். சுபாவின் உத்தரவு. கேட்டி மெலிந்த பிள்ளை, முகம் முழுக்கப் புள்ளி, கண்ணைச் சுற்றி நித்திரை இல்லாத கறுப்பு. நெஞ்சில் துணியால் கட்டி அவனைக் கொண்டுவந்தாள். சின்னக் காது ஒன்று மட்டும் தெரிந்தது. அவள் சொன்னதை எல்லாம் எங்கள் பாஷையிலேயே போடுகிறேன். இல்லாவிட்டால் உங்களுக்கும் ஒரு போன் பெடியனைப் பிடிக்கவேண்டும்.

"நீங்கள்தானே கம்பூட்ஸ்?" என்று கேட்டாள்.

நான் சுபாவைப் பார்த்தேன். வாய் திறக்கலாமா என்று.

"நான் அந்தப் படத்தைப் பாத்துத்தான் இந்தப் புத்தகத்தை எடுத்தனான்," என்றாள் கேட்டி. "மற்றப் புத்தகங்களில எல்லாரும் கமராவைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு நிண்டிச்சினம். நீங்கள் ஒரு ஆள்தான் வேலை செய்துகொண்டிருந்தனீங்கள்."

என் பின்பக்கத்துக்கு இப்படி ஒரு மரியாதை கிடைக்கும் என்று நான் நினைத்ததில்லை.

பிறகு அவள் தவிட்டைப் பற்றிக் கேட்டாள். இந்தத் தடவை நான் பகிடியில்லாமல் சொன்னேன், சுபா இங்கிலிஷில் மாற்றிச் சொன்னாள். பிறக்கிற பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்ததாகப் பிறக்கிற பிள்ளையை அரிசி புடைக்கிற சுளகில் கிடத்தி அயலவளிடம் கொடுத்துவிட்டு, கொஞ்சத் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். தவிட்டுக்கு வாங்கின மலிவுச் சாமான்தானே என்று எமன் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவான். அப்படித் தப்பின பிள்ளைகளின் கதையை வைத்துத்தான் எல்லாப் பிள்ளைகளையும் பகிடி பண்ணுவது.

சொல்லிக்கொண்டு வரும்போது 'பிள்ளைகள் தங்காத வீடு' என்ற இடத்தில் சுபாவின் இங்கிலிஷ் நின்றுவிட்டது. ரவி அந்த வசனத்தை எடுத்து முடித்தான்.

கேட்டி கொஞ்ச நேரம் அந்தச் சின்னக் காதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்ப, தவிடு குடுக்கிறது பிள்ளை வேண்டாமெண்டு இல்லை. அவ்வளவுக்கு வேணுமெண்டுதான்."

"ஓம்," என்றேன்.

"அப்ப எனக்குத் தவிடு எங்கை?"

சுபா ரவியைப் பார்த்தாள், ரவி என்னைப் பார்த்தான்.

"ஒரு நாளைக்கு இவன் கேப்பான்," என்றாள் கேட்டி. "உன்ர அம்மா உன்னைச் சும்மா தூக்கிக் குடுத்திட்டாவோ எண்டு மற்றப் பிள்ளையளும் கேப்பினம். சும்மா குடுக்கேல்லை எண்டு சொல்லுங்கோ. விலை கேட்டு வாங்கினவ எண்டு சொல்லுங்கோ."

எனக்கு வாய்க்குள் பகிடி ஒன்றும் இருக்கவில்லை. தேடிப் பார்த்தேன். கடைசியாக, "சின்னப் பை எடாதை பிள்ளை, பெரிய பையாக் கேள்," என்றேன். அவள் சிரித்தாள். சிரிக்கும்போது மூக்கு ஓடியது. நான் சேலைத் தலைப்பைக் கொடுத்தேன்.

ரவி அதற்குள் கார்த் திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தவிடு வாங்கப் போக வாசலில் நின்றான். ஹெலன் கையை உயர்த்தினாள்.

"ஐயோ, இல்லை. பிள்ளைக்குப் பதிலா ஒண்டும் குடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. சட்டம்."

"தவிடு," என்றான் ரவி.

"தவிடும்தான். எதுக்கும் நான் கேட்டுச் சொல்லுறன்."

உண்மையாகவே கேட்டாள். பெரிய அதிகாரியிடம் கேட்க, அவர் வக்கீலிடம் கேட்க, கோதுமைத் தவிடா அரிசித் தவிடா என்று அங்கிருந்து திரும்பக் கேள்வி வந்ததாம். இரண்டு கிழமைக்கு முன் நான் பிள்ளை வியாபாரி. இப்போது அரசாங்கம் என்னுடைய தவிட்டின் சாதியை விசாரிக்கிறது. கடைசியில் ஹெலன் போனில் பதில் சொன்னாள். எந்தத் தவிடும் கைமாறக்கூடாது.

ரவி போனைத் தன் கையில் வாங்கினான்.

"ஹெலன், வீட்டுக்கு வாற ஆக்களுக்குத் தேத்தண்ணி குடுக்கலாமோ?"

குடுக்கலாமாம்.

"தேத்தண்ணியோட கடிக்க ஏதும்?"

அது உபசரிப்பு, அதற்குத் தடை இல்லை என்றாள் ஹெலன். கொஞ்சம் பொறுத்து, "நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்க அம்மா தவிட்டு மஃபின் சுடுவா," என்று ஒருவரும் கேட்காமலே சொன்னாள். நான் சொன்னேனே, நல்ல மனுசி.

7

நியூ லின் மோலில் இருக்கிற பெரிய கடைக்குப் போய்த் தவிடு வாங்கினோம். மாட்டுக்குப் போடுகிற சாமானைப் படம் போட்ட பையில் அடைத்து அரிசியை விட மேலான தட்டில் வைத்திருக்கிறார்கள். ரவி பையின் பின்பக்கத்தில் போட்டிருந்த செய்முறையைப் பார்த்து மஃபின் சுட்டான். முதல் தடவை சுட்டதை லலிதாவின் நாய் மோந்து பார்த்துவிட்டு எங்களைப் பரிதாபமாகப் பார்த்தது. இரண்டாவது தடவை வாழைப்பழம் சேர்க்கச் சொன்னேன். விழுங்கலாம் என்கிற அளவுக்கு வந்தது.

கேட்டி அடுத்த நாள் காலையில் வக்கீலின் அறையில் கையெழுத்து வைத்தாள். அவளோடு அவளுடைய தாய் போனாள், நாங்கள் ஒருவரும் போகக்கூடாது. மத்தியானம் ஆகியும் காரைக் காணவில்லை. சுபா தொட்டில் பெட்டியைப் பிரிக்கவில்லை. பிரித்தால் அபசகுனம் என்று நினைத்தாளோ தெரியாது, நான் கேட்கவில்லை.

கார்ச் சத்தம் கேட்டது. கேட்டி தானே அவனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

என்னிடம் ஊரில் இருந்து கொண்டுவந்த ஒரு சுளகு இருக்கிறது. விமான நிலையத்தில் பூச்சி இருக்கிறதா என்று அதை மூன்று பேர் வெளிச்சம் பிடித்துப் பார்த்து, நாய் விட்டு மணக்க வைத்து, ஒன்றும் கிடைக்காமல் மனவருத்தத்தோடு தந்தார்கள். அதற்குள் ஒரு துவாயை மடித்து விரித்திருந்தேன். கேட்டி அதைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து அவனை அதற்குள் கிடத்தினாள். அவன் கண்ணைத் திறந்து முகட்டைப் பார்த்தான். ஒரு பெருமூச்சு விட்டான். பெரிய மனிசர் விடுகிற மாதிரி.

ரவி மஃபின் தட்டை நீட்டினான். கேட்டி ஒன்று எடுத்தாள். அழுதுகொண்டே சப்பினாள். தவிடு தொண்டையில் அடைத்துக்கொண்டது. தலையில் தட்டி, தேத்தண்ணி கொடுத்து, "நல்லா இருக்கோ?" என்று ரவி கேட்டான்.

"சரியாக் கூடாது, வாயில வைக்கேலாது," என்றாள். இன்னும் ஒன்று எடுத்தாள்.

அவளுடைய தாய் ஒன்று எடுத்தாள். நான் பல்லைக் கழற்றி வைத்துவிட்டு ஊறவைத்துத் தின்றேன். அதிகாரி என்ற முறையில் தான் தின்னலாமோ என்று ஹெலன் யோசித்தாள். யோசித்து யோசித்து இரண்டு தின்றாள். தட்டில் ஒரு துணுக்கும் இல்லை.

கேட்டி என்னைப் பார்த்தாள். "முடிஞ்சுதோ? வாங்கியாச்சோ?"

"வாங்கியாச்சு," என்றேன்.

சுபா சுளகோடு சேர்த்து அவனைத் தூக்கினாள். அவனுக்கு ஜோனா என்று கேட்டி பெயர் வைத்திருந்தாள், பின்னால் ரவியின் தகப்பனுடைய பெயர். ஜோனா கந்தையா. சுபா அவனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சுளகை என் மடியில் வைத்தாள்.

"அம்மா, ஒருக்காப் பிடியுங்கோ. நான் போய் அழுதிட்டு வாறன்."

தமிழில்தான் சொன்னாள். இந்தத் தடவை நான் பயப்படவில்லை. கேட்டி அவளுக்குப் பின்னாலேயே போனாள். இரண்டு பேரும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே என்ன கதைத்தார்கள் என்று நானும் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவேண்டாம்.

பிறகு நீதிமன்றம் ஒருதரம் தற்காலிகம் என்றது, இன்னொருதரம் நிரந்தரம் என்றது. அதெல்லாம் கடதாசி அலுவல். கேட்டி இப்பவும் வருகிறாள். அவன் கவிழ்த்த கேக் அவள் சுட்டதுதான். அதுவும் கொஞ்சம் காய்ந்துதான் போயிருந்தது.

அவனை வாங்கின அன்று பின்னேரம் கார்கள் எல்லாம் போனபிறகு அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். லலிதாவும் புஷ்பமும் வேலியோடு நின்றார்கள். எவ்வளவு நேரமாக நின்றார்களோ, லலிதாவின் காலடியில் நாய் நித்திரையாகிவிட்டது.

"ஆன்ட்டி, முடிஞ்சுதா?" என்றாள் லலிதா.

"முடிஞ்சுது. தவிட்டுக்குத்தான் வாங்கினது. இந்தத் தெருவில எல்லாரும் இனி ஒரே சாதி."

புஷ்பம் எட்டிப் பார்த்து அவனுடைய உள்ளங்காலைத் தொட்டாள். அவளுக்கு எப்போதும் ஒரு பயம் இருக்கும். "மகேசக்கா, எல்லாம் சரி. நாளைக்கு அந்தப் பிள்ளை மனம் மாறித் திருப்பித் தாங்கோ எண்டு வந்து நிண்டால்?"

"வரட்டும். வந்தால் தேத்தண்ணி குடுப்பம்," என்றேன். "ஆனால் திருப்பிக் குடுக்கேலாது. விலை முழுக்கத் திண்டு முடிச்சாச்சு. அரசாங்கமும் இரண்டு திண்டது."